நாற்பது மார்க் யார் கையில்? அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன் மாற்றங்கள் பற்றி

14 ஜூன் 2024, ஒரு வாசகரின் கேள்வி

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இப்போதெல்லாம் தியரிப் பாடத்துக்குக் கல்லூரியே போடும் இன்டர்னலே 40 மார்க்காம், செமஸ்டர் பரீட்சைக்கு 60தானாம். நாங்கள் 1990களில் கோயம்புத்தூரில் படித்தபோது இன்டர்னல் என்பது இலையில் ஊறுகாய் மாதிரி ஓரமாகக் கிடக்கும். நாற்பதைக் காலேஜ் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டால் பல்கலைக்கழகம் பரீட்சை வைத்து என்ன பயன்? ஃபீஸ் கட்டினால் பாஸ் என்று வாசலில் போர்டு மாட்டிவிடலாமே. உள்ளே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

14 ஜூன், இரவு 11 மணி

உள்ளே இருப்பவன்தான். ஈரோடு பக்கம் ஒரு தனியார் கல்லூரி, மெக்கானிக்கல் துறை, 2010இலிருந்து பாடம் எடுக்கிறேன். படித்ததும் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழேதான், 2004 பேட்ச்.

பையன் சொன்னது சரி. ரெகுலேஷன் என்பது பாடம், மார்க், பாஸ் விதி எல்லாவற்றையும் சில வருடத்துக்கு ஒரு முறை பல்கலைக்கழகம் மாற்றி எழுதும் தொகுப்பு. ரெகுலேஷன் 2021 வந்ததிலிருந்து தியரிக்கு இன்டர்னல் 40, பரீட்சை 60. அதற்கு முன்னால் 2013, 2017 இரண்டிலும் 20, 80. லேபுக்கு இப்போது தலைகீழ், இன்டர்னல் 60, பரீட்சை 40. தியரியும் லேபும் ஒன்றாக வரும் பாடம் என்றால் பாதிக்குப் பாதி.

ஆனால் போர்டு மாட்ட முடியாது. மொத்தத்தில் 50 எடுத்தால் மட்டும் போதாது, பரீட்சையில் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். தாள் நூறு மார்க்குக்கு, அதைத்தான் 60ஆகச் சுருக்குவார்கள். தாளில் 44 எடுத்தவனுக்கு இன்டர்னல் நாற்பதுக்கு நாற்பது இருந்தாலும் அரியர்தான், மறுபடி எழுத வேண்டும். இந்த 45 கோடு 2013இல் இருந்தது, 2017இல் இருந்தது, இப்போதும் இருக்கிறது. சுற்றி இருப்பதை எல்லாம் இடித்துக் கட்டினார்கள், அந்தக் கோட்டில் மட்டும் கை வைக்கவில்லை. ஆகவே சலுகை ஒன்றும் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

15 ஜூன், காலை

உங்களைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் தூங்கவில்லை. எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் கணக்குப் போட்டேன்.

இன்டர்னலில் கால்வாசி மட்டும் வாங்கிய பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் 20க்கு 5. பாஸாக இன்னும் 45 வேண்டும், 80க்கு. தாளில் நூற்றுக்கு 57 எடுத்தால் தப்பித்தான். புதுக் கணக்கில் அதே பையனுக்கு 40க்கு 10. இன்னும் 40 வேண்டும், 60க்கு. தாளில் 67 எடுக்க வேண்டும். இன்டர்னல் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் பழைய கணக்கில் 63, புதுக் கணக்கில் 84. முதல் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று கலர் பேனாவில் நோட்ஸ் எடுக்கிறவனே 84க்குத் திணறுவான்.

மறுபக்கம், இன்டர்னலை எவ்வளவு அள்ளிக் கொடுத்தாலும் 45க்குக் கீழே விழுந்தவனைத் தூக்க முடியாது. அப்படியானால் இந்த 40 நல்ல பையனுக்கு எதையும் சேர்க்கவில்லை. வாத்தியாரோடு முறைத்துக்கொண்டவன் தலையில் மட்டும் பத்து மார்க், இருபது மார்க் சுமையை ஏற்றுகிறது. கல்லூரிக்குக் கரண்டி கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் பேசுகிறது. எனக்கு அது சாட்டையாகத் தெரிகிறது.

15 ஜூன், மதியம்

திருத்தம். ஒரு கணக்கு வாத்தியார் பிடித்துவிட்டார். சனிக்கிழமைகூட அவர்களுக்கு ஓய்வு கிடையாது.

"எதையும் சேர்க்கவில்லை" என்று எழுதியது தப்பு. இன்டர்னலில் 60 சதவீதம் வாங்கிய பையனைப் பாருங்கள் என்றார். பழைய கணக்கில் 20க்கு 12, மீதி 38 வேண்டும், தாளில் 48. புதுக் கணக்கில் 40க்கு 24, மீதி 26 போதும், ஆனால் 45 கோடு இருப்பதால் 27 எடுக்க வேண்டும், தாளில் 45. மூன்று மார்க் குறைகிறது. நடுவாந்திரப் பையன்கள் எல்லாம் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் நிற்பார்கள். மூன்று மார்க் என்ன பெரிய விஷயம் என்று அரியர் வைக்காதவர்கள்தான் கேட்பார்கள்.

சரி. நடுவில் நிற்பவனுக்குக் கரண்டி, ஓரத்தில் நிற்பவனுக்குச் சாட்டை. இதோடு விட்டுவிடுகிறேன்.

17 ஜூன்

விடவில்லை. இன்டர்னல் எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லாமல் கணக்கு மட்டும் போட்டால் அது பாதிக் கதை.

2017 ரெகுலேஷனில் மூன்று டெஸ்ட், ஒவ்வொன்றும் 100. மூன்றையும் கூட்டி, 300ஐ 20ஆகச் சுருக்க வேண்டும். அவ்வளவுதான். டெஸ்ட் எழுதினாயா, மார்க் உண்டு. எழுதவில்லையா, பூஜ்யம். 2021இல் டெஸ்ட் இரண்டாகக் குறைந்தது. அதோடு ஒவ்வொரு மதிப்பீட்டிலும் எழுத்துத் தேர்வுக்கு 60தான். மீதி 40 அசைன்மெண்ட், செமினார், மினி புராஜெக்ட் இப்படி ஏதாவது ஒன்றுக்கு. இரண்டு மதிப்பீட்டையும் சேர்த்து 200, அதை 40ஆகச் சுருக்குகிறோம்.

காகிதத்தில் படிக்க அழகாக இருக்கும். நடப்பதைச் சொல்கிறேன். ஒருவன் அசைன்மெண்ட் எழுதுவான், ஏழு பேர் பார்த்து எழுதுவார்கள். ஏழில் இரண்டு பேர் அவன் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். அறுபது பேருக்குத் திருத்த எனக்கு ஒரு சனிக்கிழமை கிடைக்கும். எல்லாருக்கும் 35, 36, 37. தேர்ந்தவன் என்று தெரிந்தால் 38. ஆக இன்டர்னலில் கால்வாசி வாங்கும் பையன் இப்போது அநேகமாகக் கிடையாது. நான் 15ஆம் தேதி காலையில் கண்டுபிடித்த சாட்டை பெரும்பாலும் ஆணியில்தான் தொங்குகிறது.

பழைய முறையில் ஒரு டெஸ்ட் தவறினாலே ஆள் காலி. என் வகுப்பில் ஒருவன் இருந்தான், பள்ளிபாளையத்தில் இரவு ஷிஃப்ட் தறி ஓட்டிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருவான், தூங்குவான். இரண்டாவது டெஸ்டுக்கு வரவே இல்லை. ரீடெஸ்ட் கேட்டான். ஒருவனுக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

21 ஜூன்

கேள்வி கேட்ட சாருக்கு ஒரு சின்னத் திருத்தம். 1990களில் கோயம்புத்தூரில் ஒரு சாதாரண இணைப்புக் கல்லூரியில் படித்திருந்தால் உங்கள் டிகிரியில் பாரதியார் பல்கலைக்கழகம் என்று இருக்கும். பீரோவைத் திறந்து பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் 1978இல் வந்தது, கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி, ஏசி டெக், குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி என்று நான்கையும் சேர்த்து. கிண்டியின் வேர் 1794இல் தொடங்கிய சர்வே பள்ளி, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அறுபது வயது மூத்தது. ஆனால் தமிழ்நாட்டின் மற்ற இன்ஜினியரிங் கல்லூரிகள் பெரும்பாலும் இதன் கீழே வந்தது 2001இல்தான். அதுவரை அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகம், அவரவர் சிலபஸ், அவரவர் பரீட்சை.

ஆகவே "நாங்கள் படித்தபோது" என்று ஒப்பிடுவது வேறு வீட்டுச் சமையலோடு ஒப்பிடுவது. அதற்காகக் கேள்வி தப்பு என்று சொல்லவில்லை.

அப்புறம் 2007இல் பிரித்தார்கள். கோவைக்கு ஒன்று, திருச்சிக்கு ஒன்று, திருநெல்வேலிக்கு ஒன்று, பிறகு மதுரைக்கும். 2012இல் எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தார்கள். என் தங்கை 2008இல் சேர்ந்து 2012இல் முடித்தாள். அண்ணா பல்கலைக்கழகம் கோயம்புத்தூர் என்று சேர்ந்தாள், நடுவில் அது அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது, அவள் வேலை தேடிக் கிளம்பியபோது பழையபடி வெறும் அண்ணா பல்கலைக்கழகம். இன்டர்வியூவில் ஒருவர் மார்க் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை தடவைம்மா காலேஜ் மாறினே?" என்று கேட்டாராம். ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு.

23 ஜூன்

பொழுதுபோகாத ஞாயிறு.

ஒருவர் எந்த ரெகுலேஷனில் படித்தவர் என்று வயதைக் கேட்காமல் கண்டுபிடிக்கலாம். முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தின் குறியீட்டு எண் என்ன என்று கேளுங்கள். எம்ஏ 2111 என்றால் 2008. எம்ஏ 6151 என்றால் 2013. எம்ஏ 8151 என்றால் 2017. எம்ஏ 3151 என்றால் 2021. முதல் இலக்கத்தைப் பார்த்தால் போதும், ஆளைச் சொல்லிவிடலாம். இரண்டு, ஆறு, எட்டு, மூன்று என்று ஏன் இந்த வரிசையில் போகிறது என்று கேட்காதீர்கள். எங்கள் கல்லூரியின் தேர்வுப் பிரிவான எக்ஸாம் செல்லில் இதை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான் ராஜா. பழைய ரெகுலேஷனில் அரியர் வைத்தவனுக்குப் புது ரெகுலேஷனில் எது சமமான பாடம் என்று அவர் வாயால் சொன்னால்தான் வேலை நடக்கும்.

அடுத்தது கிரேடு. 2013இல் 75 எடுத்தால் "பி". 2017இல் அதே 75க்கு "ஏ". இரண்டுக்கும் புள்ளி என்னவோ 8தான். அண்ணன் "பி", தம்பி "ஏ", அம்மா தம்பியைக் கொண்டாடுகிறார், அண்ணன் புள்ளிகளின் மொத்தச் சராசரியான சிஜிபிஏவைக் காட்டிக் காட்டி விளக்குகிறான், யாரும் கேட்பதில்லை. 55 எடுத்தவனுக்கு மட்டும் நிஜமாகவே லாபம் இருந்தது. 2013இல் "இ", 5 புள்ளி. 2017இல் "பி", 6 புள்ளி. 2021இல் 5 புள்ளிக்கு "சி" என்று ஒன்றைக் கொண்டுவந்து கதவைச் சாத்தினார்கள்.

ஃபெயிலுக்கும் பெயர் மாறியது. "யூ" போய் "ஆர்ஏ" வந்தது, "ஆர்ஏ" போய் "யூ" திரும்ப வந்தது. வீட்டில் எதைச் சொன்னாலும் அடி ஒன்றுதான்.

30 ஜூன்

அந்த ராத்திரி ஷிஃப்ட் பையனைப் பற்றி 17ஆம் தேதி போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்குப் பிறகு அது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. நேற்று பரணில் ஏறிப் பழைய மார்க் நோட்டைத் தேடி எடுத்தேன்.

பாடம் இன்ஜினியரிங் தெர்மோடைனமிக்ஸ், எம்இ 8391, மூன்றாம் செமஸ்டர். அவன் பெயருக்கு நேரே 52, வராததற்கு ஒரு கோடு, 53. கூட்டினால் 105. 300க்கு 105 என்றால் 20க்கு 7.

ரிசல்ட்டில் கிரேடு மட்டும்தான் வரும், மார்க் வராது. ஆர்ஏ என்று வந்தது. விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். தாளில் 51. 80க்கு மாற்றினால் 41. 41ம் 7ம் 48. அடுத்த தடவையும் ஆர்ஏ. திரும்பவும் நகல். இந்த முறை 52. மாற்றினால் 42. 42ம் 7ம் 49.

ரீவேல்யூஷன் போடலாமா சார் என்று கேட்டான். புரட்டிப் பார்த்தேன். ரேங்கின் சைக்கிள் கணக்கில் நீராவி அட்டவணையான ஸ்டீம் டேபிளில் ஒரு வரி தள்ளி எடுத்திருந்தான், அதிலிருந்து விடை தப்பு, ஆனால் படிகள் எல்லாம் சரியாக இருந்தன. இரண்டு மார்க் கூடக் கிடைத்தாலும் அவன் கரையேறியிருப்பான். "வேஸ்ட்டுப்பா, அடுத்த தடவை பாத்து எழுது" என்றேன். அந்த வார்த்தை நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நான் அப்போது டீ குடிக்கப் போகிற அவசரத்தில் இருந்தேன்.

மூன்றாவது தடவை பாஸ்.

இங்கே ஒரு விதி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. மூன்றாவது முயற்சியிலிருந்து, இன்டர்னலைச் சேர்த்துத் தேறாவிட்டாலும், பரீட்சையில் மட்டும் 50 சதவீதம் எடுத்தால் பாஸ் என்று அறிவித்துவிடுவார்கள். இன்டர்னல் குறைந்தவன் ஆயுள் முழுக்க அதைச் சுமக்க வேண்டாம் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். (15ஆம் தேதி நான் போட்ட 67, 84 கணக்கும் இதனால் பாதி உடைகிறது. அதெல்லாம் முதல் இரண்டு தடவைக்குத்தான்.)

இப்போது நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். மூன்றாவது தடவைக்கான விதியை அவன் முதல் தடவையே தாண்டிவிட்டான். இரண்டாவது தடவையும் தாண்டினான். குறுக்கே நின்றது என் 7 மட்டும்தான். ரீடெஸ்ட் கொடுத்து அவன் ஐம்பதே எடுத்திருந்தாலும் 300க்கு 155, இன்டர்னல் 10, முதல் தடவையே 51 வந்திருக்கும்.

இன்னொன்று. இதே பையன் 2021 ரெகுலேஷனில் படித்திருந்தால்? அசைன்மெண்ட் இரண்டுக்கும் நான் எல்லாருக்கும் போடும் 36, 36. ஒரு டெஸ்டில் 60க்கு 31. இன்னொரு டெஸ்ட் பூஜ்யம். மொத்தம் 103, இன்டர்னல் 21. தாளில் 51 என்றால் 60க்கு 31. கூட்டினால் 52. பாஸ். நான் கிண்டல் செய்த, ஏழு பேர் பார்த்து எழுதும் அந்த அசைன்மெண்ட் அவனைக் காப்பாற்றியிருக்கும்.

1 ஜூலை

"ரீடெஸ்ட் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. நான்தான் வைத்துக்கொண்டேன்.

2 ஜூலை

இன்னொருவர், "மேனேஜ்மெண்ட் எல்லாருக்கும் இன்டர்னல் ஏற்றிப் போடச் சொல்லுமே, நீங்கள் மட்டும் 7 போட்டீர்களா?" என்கிறார். சொல்லும். ரிசல்ட் சதவீதம் குறைந்தால் மீட்டிங்கில் நிற்க வைப்பார்கள். அந்த வருடம் நான் வளைந்து கொடுக்காதவன் என்று பெயர் வாங்கியிருந்தேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

9 ஜூலை

கேள்வித்தாள் பக்கம் போவோம், அங்கேதான் எனக்குக் கொஞ்சம் தைரியமாகப் பேச வரும்.

நான் படித்தபோது பத்து டூ மார்க், ஐந்து பதினாறு மார்க். யூனிட்டுக்கு ஒரு பதினாறு, நடுவில் "அல்லது" போட்டு இரண்டு கேள்வி இருக்கும், ஒன்றை எழுதலாம். இந்த அமைப்பு எங்கள் ரத்தத்தில் ஊறியது. யூனிட்டில் பாதியைப் படித்தால் போதும் என்பது தலைமுறை தலைமுறையாக சீனியர் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுத்த ஞானம். ஜெராக்ஸ் கடையில் "பதினாறு மார்க் மட்டும்" என்று தனிக் கட்டு விற்பான். பதினாறுக்கு ஐந்து பக்கம், படம் போட்டால் நான்கு பக்கம்.

2017இல் பதினாறைப் பதிமூன்றாக்கி, மிச்சப்படுத்தியதை ஒரு பதினைந்து மார்க் கேள்வியாகக் கடைசியில் வைத்தார்கள். பார்ட் சி. யோசித்து எழுத வேண்டிய கேள்வி, மனப்பாடத்தை உடைக்கும் கேள்வி என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நானும் நம்பினேன். முதல் செமஸ்டரில் பையன்கள் மிரண்டார்கள். இரண்டாவது செமஸ்டரில் ஜெராக்ஸ் கடையில் "பார்ட் சி இம்பார்டண்ட்" என்று ஒரு கட்டு தொங்கியது. என் பாடத்தில் அது சற்றே நீளமான ஒரு கணக்கு, அவ்வளவுதான். தாள் தயாரிப்பவரும் என்னைப் போல பதினாறு மார்க்கில் வளர்ந்தவர்தானே, அவருக்கும் புதிதாக என்ன கேட்பது என்று தெரிய வேண்டும்.

சிலபஸ் கமிட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்து யூனிட் யூனிட்டாகச் செதுக்குகிறது. பையன் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவனுக்கு ரெகுலேஷன் என்பது கேள்வித்தாளின் முதல் பக்கம்.

20 ஜூலை

கொரோனா பற்றி எழுதவில்லையே என்கிறார்கள். அதையும் மாற்றம் என்று சேர்ப்பதா, விபத்து என்று சேர்ப்பதா?

2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுகள் ரத்து, பணம் கட்டியிருந்தால் பாஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பையன்கள் நன்றி சொல்லி பேனரே வைத்தார்கள். தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, அந்த இழுபறியில் யார் பாஸ், யார் இல்லை என்று எங்களுக்கே தலை சுற்றியது. எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு மாணவன் முகம். பதினோரு அரியர். பரீட்சைக்குப் பணம் கட்ட அப்பா கொடுத்த காசில் செல்போன் டிஸ்பிளே மாற்றிவிட்டான். அறிவிப்பு வந்த அன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் பட்டாசுப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் குழுவை விட்டு வெளியேறினான்.

பிறகு வீட்டிலிருந்தே பரீட்சை. 2022 தொடக்கத்தில் எழுதிய தாளை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும், அசலைத் தபாலில் அனுப்ப வேண்டும். ஒரு பையன் தாளின் எல்லாப் பக்கத்தையும் ஒழுங்காகப் படம் எடுத்து, கடைசியில் தட்டில் இருந்த தோசையையும் சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கிவிட்டான். நல்லவேளை ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பிக் காட்டினான்.

28 ஜூலை

புதுப் பாடங்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சந்தோஷம் உண்டு.

2022இல் முதலாண்டில் "தமிழர் மரபு", "தமிழரும் தொழில்நுட்பமும்" என்று இரண்டு பாடங்களைச் சேர்த்தார்கள். முதல் செமஸ்டரில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, தலா ஒரு கிரெடிட், அதாவது சராசரியில் அந்தப் பாடத்துக்கு உள்ள எடை ஒன்று. எங்கள் கல்லூரியில் தமிழாசிரியர் கிடையாது. இரண்டாவது பாடத்தில் "உற்பத்தித் தொழில்நுட்பம்" என்று ஒரு யூனிட் இருந்ததால் மெக்கானிக்கல் தலையில் விழுந்தது, துறையில் தமிழில் தப்பில்லாமல் எழுதுகிறவன் என்பதால் என் தலையில் விழுந்தது.

கப்பல் கட்டுவது, இரும்பு உருக்குவது, காசு அடிப்பது, மணி செய்வது. முதலில் பவர்பாயிண்டில் ஓட்டினேன், பிள்ளைகள் தூங்கினார்கள். அப்புறம் உறைத்தது. கொடுமணல் எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். சென்னிமலை தாண்டி நொய்யல் கரை. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் அதுதான் என்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகளின் தடயமும் கல்மணி செய்த பட்டறைகளும் அகழாய்வில் கிடைத்த ஊர். ஒரு சனிக்கிழமை இரண்டு வேனில் கூட்டிப் போனேன். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, காடும் மேடும்தான். ஒரு பெண் கீழே கிடந்த கசடுக் கட்டியைக் காட்டி, "சார், இது நம்ம ஃபவுண்டரி லேப் கசடு மாதிரியே இருக்கே" என்றாள். கையில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானும் குனிந்து பார்த்தேன். பதினான்கு வருடம் ஃபவுண்டரி பற்றிப் பேசியிருக்கிறேன், அப்படி ஒரு மணி நேரம் அமைந்ததில்லை.

ஒரு கிரெடிட்தான். சிஜிபிஏவில் அது அசையக்கூட அசையாது.

18 ஆகஸ்ட்

காலண்டர் பற்றி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் பியூசி படித்தவர். 1978இல் பிளஸ் டூ வருவதற்கு முன்னால் கல்லூரிக்குள் ஒரு வருடம் இருந்ததே, அது. ஜூனில் திறப்பார்கள், வருடக் கடைசியில் ஒரே பரீட்சை, நடுவில் என்ன செய்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்களாம். "நடுவுல நாங்க வளந்தோம்" என்றார். அவர் இங்கிலீஷில் தவறி அடுத்த வருடம் எழுதிய கதையை மட்டும் சொல்ல மாட்டார், அது அத்தை சொல்லித்தான் தெரியும்.

எங்களுக்கு வருடத்துக்கு இரண்டு பரீட்சை, நவம்பர்-டிசம்பர், ஏப்ரல்-மே. சீனியர்களுக்கு அந்தச் சக்கரம் ஓரளவு சுற்றுகிறது. முதலாண்டுதான் தனிக் கிரகம். 2020இல் சேர்ந்தவர்கள் நவம்பரில் முதல் வகுப்பைப் பார்த்தார்கள், அதுவும் செல்போனில். 2022இல் நீட் முடிவுக்காகக் காத்திருந்து பொதுக் கலந்தாய்வே செப்டம்பரில்தான் தொடங்கியது. சேர்ந்து, ஊர் பழகி, ஹாஸ்டல் சாம்பார் பழகுவதற்குள் முதல் டெஸ்ட். சீனியர் லீவில் இருக்கும்போது ஜூனியருக்கு மாடல் எக்ஸாம். பஸ் கால்வாசி நிரம்பி ஓடும், டீசல் கணக்கு பார்க்கும் ஆளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

இதில் அடிபடுவது கணக்குப் பாடம். முதல் செமஸ்டர் நெருக்கும்போது கடைசி யூனிட்டை ஒரு வாரத்தில் முடிப்பார்கள். அது பாதி புரிந்த நிலையில் அடுத்த வருடம் என் வகுப்புக்கு வருவான், நான் பகுதி வகையீட்டைப் போர்டில் எழுதியதும் எங்கேயோ பார்ப்பான். 40, 60 என்று நாம் இவ்வளவு சண்டை போட்டோம். எனக்குக் கையில் அதிகாரம் கொடுத்தால் அந்தப் பிரிப்பைத் தொட மாட்டேன், முதல் செமஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம் கேட்பேன்.

22 செப்டம்பர்

கேள்வி கேட்ட சார் எழுதியிருக்கிறார். மகள் எலக்ட்ரானிக்ஸ் பிரிவான ஈசிஇயில் சேர்ந்துவிட்டாளாம். டிகிரி சான்றிதழை எடுத்துப் பார்த்தாராம், பாரதியார்தானாம்.

26 அக்டோபர்

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் இரண்டாவது மதிப்பீட்டை வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. தெர்மோடைனமிக்ஸ், இப்போது எம்இ 3391. நான்கு பேர் வரவில்லை. மூன்று பேருக்கு அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. நான்காமவன் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் சீசன் வேலைக்கு நிற்கிறான் என்று பக்கத்து பெஞ்சுக்காரன் சொன்னான்.

தீபாவளி முடிந்து வருகிற வாரம் நான்கு பேருக்கும் வேறு தாள் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஊருக்கே கொடுக்க வேண்டியிருக்குமே என்று துறைத் தலைவர் சொன்னார். நான் பேசிய வசனம் அப்படியே. கொடுப்போம் சார் என்றேன்.

27 அக்டோபர்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஆறு பேர் அந்த ரீடெஸ்ட் தாளைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவன் என் வகுப்பு. ப்ரொஃபைலில் பெயரை மாற்றியவன் போட்டோவை மாற்றவில்லை.